மராகேஷில் கிடைத்ததும் மராகேஷில் விடுபட்டதும்

விரல்வாசகன் | திருச்சி

நண்பர்களே, ஜூன் 27 வந்தால் பார்வையற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்துகள் குவியும். 2013-ல் அந்தத் தேதியில்தான் மொராக்கோவின் மராகேஷ் நகரில் எங்களுக்கான ஒப்பந்தம் நிறைவேறியது. பதிப்புரிமை உள்ள நூலை, உரிமையாளரிடம் அனுமதி கேட்காமலேயே பிரெய்ல், ஒலிநூல், பெரிய எழுத்து, கணினித் திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் படிக்கும் மின்னூல் என்று மாற்றலாம். மாற்றிய பிரதியை எல்லை தாண்டி அனுப்பலாம். நானும் வழக்கம்போல வாழ்த்து போட்டேன்.

அன்று மாலை நம் களத்தின் காது கேளாத தோழி கைமொழி தனிமடலில் ஒரே ஒரு வரி அனுப்பினார். "முதல் வரைவில் நாங்களும் இருந்தோமே அண்ணா, கடைசிப் பிரதியில் எங்கே போனோம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் கொண்டாடியிருக்கிறேன், இதில் இப்படி ஒரு கதை இருப்பதே தெரியாது. பத்து நாள் தேடிப் படித்தேன். அவருடைய அனுமதியோடுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

புதியவர்களுக்காக, இது ஏன் தேவைப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது ஒரு நூலின் கோப்பு கேட்டு ஒரு பதிப்பகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. கொடுத்தால் ஊரெல்லாம் பரவிவிடும், மன்னிக்கவும் என்று. அப்புறம் என் அறைத்தோழன் இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து 340 பக்கத்தையும் கேசட்டில் வாசித்துக் கொடுத்தான். அவன் எங்கெங்கே தண்ணீர் குடித்தான் என்பதுகூட எனக்கு மனப்பாடம். கொழும்பில் இருந்த இன்னொரு பார்வையற்ற மாணவர் அதே நூலைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கேசட்டுகளின் நகலை அவருக்குத் தபாலில் அனுப்பினேன். அது சட்ட மீறலாகக் கருதப்படலாம் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்போதெல்லாம் பதிப்புரிமையில் பார்வையற்றோருக்குத் தந்த சலுகை ரேஷன் அட்டை மாதிரி இருந்தது. அந்தந்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லுபடியானது. ஸ்பெயின் பார்வையற்றோர் அமைப்பிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் மாற்று வடிவத்தில் இருந்தன. அர்ஜென்டினாவில் 60,000-க்கும் மேல். அதே ஸ்பானிய மொழி பேசும் சிலி, கொலம்பியா, மெக்சிகோ, நிகராகுவா, உருகுவே ஐந்தும் சேர்ந்து 9,000-ஐத் தொடவில்லை. நூல் இருக்கிறது, மொழி ஒன்று, வாசகர் காத்திருக்கிறார், ஆனால் அனுப்பக் கூடாது. உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் இதைப் புத்தகப் பஞ்சம் என்றது. பணக்கார நாடுகளிலேயே நூற்றுக்கு ஏழு நூல்கள்தான் எங்களுக்கு எட்டும் வடிவில் கிடைத்தன, ஏழை நாடுகளில் ஒன்றுகூட இல்லை என்பது அவர்கள் அப்போது சொன்ன கணக்கு.

2006-ல் ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை வந்தது. அதன் 30-ஆம் உறுப்பில், அறிவுசார் சொத்துச் சட்டங்கள் பண்பாட்டுப் படைப்புகளை அணுக நியாயமற்ற தடையாக இருக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு. அந்த வரிக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று 2008-ல் உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் ஓர் ஒப்பந்த வரைவு எழுதியது. 2009-ல் பிரேசில், ஈக்வடார், பராகுவே மூன்றும் அதை ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பில், அதாவது விப்போவில், தாக்கல் செய்தன.

அந்த வரைவில் பயனாளி யார் என்பதற்கு இரண்டு பகுதி இருந்தது. முதல் பகுதி எங்களைப் பற்றியது. இரண்டாவது பகுதி, வேறு எந்த மாற்றுத்திறனாளியாக இருந்தாலும், அந்தக் குறைபாட்டின் காரணமாக மாற்று வடிவம் தேவைப்பட்டால் அவருக்கும் ஒப்பந்தம் பொருந்தும் என்றது. 2013-ல் கையெழுத்தான பிரதியில் இரண்டாவது பகுதி இல்லை.

அதை விட்டுக்கொடுத்தது சரியா? எப்படி நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கைமொழி | கோவை

நன்றி அண்ணா. தனிமடலில் முடித்துவிடாமல் பொதுவில் கேட்டதற்கு.

நான் பிறந்ததிலிருந்து காது கேளாதவள். சைகைமொழி எனக்கு முதல் மொழி, தமிழ் இரண்டாவது. அச்சிட்ட புத்தகத்தை என்னால் வாசிக்க முடியும், ஆகவே இவர்களுக்கு என்ன குறை என்று பலர் நினைக்கிறார்கள். இன்று பாடம் எங்கே இருக்கிறது? காணொளியில். போட்டித் தேர்வு வகுப்பு, மருத்துவர் பேட்டி, வெள்ளம் வந்தால் அறிவிப்பு, எல்லாம் காணொளி. வசன வரி இல்லாத காணொளி எனக்கு உதடு அசையும் ஒரு முகம் மட்டும்தான். அந்த முகத்தை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடியிருக்கிறேன்.

பார்வையற்ற நண்பர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதிவிட்டு அழித்தேன். கொஞ்சம் இருக்கிறது. இவர்களை இறக்கிவிட்டால்தான் வண்டி நகரும் என்று யாரோ சொன்னபோது, வண்டிக்குள் இருந்தவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? எனக்கு அது தெரிய வேண்டும்.


சட்டப்பிரதி | சென்னை

நான் வழக்கறிஞர். அந்த வருடங்களில் ஜெனீவா ஆவணங்களை வரிவரியாகப் படித்தவன். உள்ளே உட்கார்ந்தவன் இல்லை, ஆகவே மூடிய அறையில் யார் என்ன சொன்னார் என்று சொல்ல மாட்டேன். தாளில் நடந்ததைச் சொல்கிறேன்.

2010-ல் மேசையில் நான்கு தாள்கள் கிடந்தன. ஒன்று மேலே சொன்ன மூன்று நாடுகளின் வரைவு, பின்னர் மெக்சிகோவும் அதில் சேர்ந்துகொண்டது. அமெரிக்கா ஒரு தாள் கொடுத்தது, ஐரோப்பிய ஒன்றியம் ஒரு தாள் கொடுத்தது. இரண்டும் கட்டுப்படுத்தாத வகை, பரிந்துரையாக வைத்துக்கொள்ளலாம் என்ற போக்கு. நான்காவது ஆப்பிரிக்க நாடுகளின் தாள். அதுதான் எல்லாவற்றையும்விடப் பரந்தது. எல்லா மாற்றுத்திறனாளிகள், கல்வி நிறுவனங்கள், நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள் என்று அனைவரையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவரப் பார்த்தது.

பன்னாட்டுப் பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொள்ளாத சொல் எல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கும். வரைவைத் திறந்தால் சொற்களைவிட அடைப்புக்குறிகள்தான் அதிகம் தெரியும். ஒவ்வொரு குறியும் ஒரு நாட்டின் மறுப்பு. அதை எடுக்க வேண்டும் என்றால் பதிலுக்கு இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். எல்லாம் முடியும்வரை எதுவும் முடிந்ததாகக் கணக்கில்லை என்பது அங்கே விதி. இன்று கிடைத்துவிட்டது என்று நினைத்த சொல் நாளை மறுபடி குறிக்குள் போகும்.

2011-ல் தாள்களை ஒன்றாக்கி ஒரே வரைவு வந்தது. அதன் தலைப்பிலேயே அச்சு வாசிக்க இயலாதோர் என்று வட்டம் சுருங்கிவிட்டது. அம்மா கைமொழி, நீங்கள் இறக்கிவிடப்பட்ட நிறுத்தம் அதுதான். அது முதல் நிறுத்தம். அடுத்தது, எந்தப் படைப்பு என்ற கேள்வி. மராகேஷ் மாநாடு கூடுவதற்கு முன்பே திரைப்படம் போன்ற ஒளி ஒலிப் படைப்புகள் வரைவிலிருந்து போய்விட்டன. கடைசி வாசகம் எழுத்து, இசைக் குறியீடு, அவற்றோடு சேர்ந்த படங்கள் என்று நிற்கிறது. ஒலிநூலும் இதில் அடங்கும் என்று ஓர் அடிக்குறிப்பு போட்டுத் தப்பவைத்தார்கள். அமெரிக்கத் திரைப்படத் துறையின் அமைப்பு இந்தப் பேச்சுவார்த்தையில் கடைசிவரை அழுத்தம் கொடுத்தது என்பது அப்போதே பத்திரிகைகளில் வந்த செய்தி.

அவர்கள் பயந்தது பார்வையற்றோரைப் பார்த்தா? இல்லை. அதுவரை விப்போ ஒப்பந்தங்கள் எல்லாம் உரிமையாளரின் பங்கை வளர்த்தவை. பயனாளியின் பக்கம் நின்று, விதிவிலக்கையே மையமாக வைத்து வந்த முதல் ஒப்பந்தம் இது. இன்று இவர்களுக்கு, நாளை பள்ளிகளுக்கு, அடுத்து நூலகங்களுக்கு என்று கதவு திறந்துவிடுமோ என்பதுதான் பயம். அதனால் கதவை எவ்வளவு ஒடுக்க முடியுமோ அவ்வளவு ஒடுக்கினார்கள்.

என் கருத்து, அந்த விட்டுக்கொடுப்பு இல்லாமல் ஒப்பந்தமே இல்லை. 2012 வரை ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்குத் தயங்கியே நின்றது. அந்த டிசம்பரில்தான் விப்போ பொதுச்சபை சிறப்பாகக் கூடி மாநாட்டுக்கு நாள் குறித்தது. அங்கே போயும் கடைசி வாரம் வரை இழுபறி. வட்டம் பெரிதாக இருந்திருந்தால் நாளே குறித்திருக்க மாட்டார்கள்.


கூட்டுக்குரல் | மதுரை

சட்டப்பிரதி தோழர், தகவலுக்கு நன்றி. முடிவை ஏற்க முடியவில்லை.

நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். எங்கள் இயக்கம் நியூயார்க்கில் 2002 முதல் 2006 வரை நடந்ததைத்தான் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும். மெக்சிகோ முன்மொழிந்து, ஐநா தனிக்குழு அமைத்து, எட்டு அமர்வுகளில் 50 உறுப்புகள் கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை முடித்தார்கள். அங்கே 70-க்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளி அமைப்புகள் ஒரே கூட்டமைப்பாக நின்றன. எங்களைப் பற்றி எங்களை விட்டுவிட்டுப் பேசாதே என்பது கோஷம். 2004 ஜனவரியில் முதல் வரைவை எழுதிய 40 பேர் குழுவில் 12 இடங்கள் அரசு சாரா அமைப்புகளுக்கு. நாட்டுப் பிரதிநிதிகளோடு சம இருக்கையில் உட்கார்ந்து எழுதினார்கள்.

சண்டை இல்லாமல் இல்லை. பள்ளிக்கூட விஷயத்தில் பெரிய சண்டை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் அமைப்புகள், சிறப்புப் பள்ளி என்றாலே ஒதுக்கிவைப்பது, எல்லாரும் பொதுப்பள்ளிக்கு என்றன. காது கேளாதோர் அமைப்பு, சைகைமொழி தெரியாத நாற்பது பேருக்கு நடுவில் ஒரு பிள்ளையை உட்காரவைப்பதுதான் ஒதுக்கிவைப்பது என்றது. இரண்டுமே உண்மை. யாரையும் இறக்கிவிடவில்லை. பொதுக் கல்வியிலிருந்து யாரையும் விலக்கக் கூடாது என்பதையும் எழுதினார்கள், பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கு அவர்களின் வளர்ச்சி அதிகபட்சமாக இருக்கும் சூழலில் கல்வி என்பதையும் 24-ஆம் உறுப்பில் எழுதினார்கள். மொழி என்றால் பேசும் மொழியும் சைகைமொழியும் என்று வரையறைக்குள்ளேயே வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006 ஆகஸ்ட் 25 அன்று ஒப்புக்கொண்ட பிரதியில் 12-ஆம் உறுப்புக்கு ஓர் அடிக்குறிப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. சட்டத் தகுதி என்ற சொல்லுக்கு அரபு, சீனம், ரஷ்ய மொழிகளில் உரிமைகளை வைத்திருக்கும் தகுதி என்று மட்டுமே பொருள், தானே முடிவெடுத்துச் செயல்படும் தகுதி அல்ல என்று. மனநல, அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சொத்து வைத்திருக்கலாம், கையெழுத்தை வேறொருவர் போடுவார் என்று அதற்கு அர்த்தம். பார்வையற்றோரையோ என்னையோ அது நேரடியாகத் தொடாது. இருந்தும் மொத்தக் கூட்டமைப்பும் எதிர்த்தது. டிசம்பர் 13-ல் நிறைவேறியபோது அடிக்குறிப்பு இல்லை. அதையா மராகேஷில் செய்ய முடியாது என்கிறீர்கள்?


சட்டப்பிரதி | சென்னை

தோழர், நியூயார்க்கைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் நியூயார்க்கில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் யார் என்று பாருங்கள். அரசுகள். தயங்கிய அரசுகள், செலவைக் கண்டு பயந்த அரசுகள், ஆனாலும் அரசுகள். பாட்டுக்கும் படத்துக்கும் புத்தகத்துக்கும் சொந்தக்காரர்களான தொழில்துறை அங்கே இல்லை. ஜெனீவாவில் இருந்தது.

உதாரணம் சொல்கிறேன். மாற்றுப் பிரதி செய்வதற்கு முன்னால், அதே வடிவம் கடையில் நியாயமான விலைக்குக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். திருநெல்வேலியில் இரண்டு பேர் நடத்தும் பிரெய்ல் நூலகம், கனடாவில் ஒரு வாசகருக்கு அனுப்பும் முன் கனடாச் சந்தையில் அந்த நூலின் ஒலிவடிவம் என்ன விலை என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? தவறினால் வழக்கு. வழக்குக்குப் பயந்து யாரும் எதையும் அனுப்ப மாட்டார்கள், ஒப்பந்தம் அலமாரியில் இருக்கும். இதற்காக மட்டும் எத்தனை இரவு போயிருக்கும்! கடைசியில், நாட்டுக்குள் வேண்டுமானால் அந்த நிபந்தனையை ஒரு நாடு வைத்துக்கொள்ளலாம், எல்லை தாண்டும் பரிமாற்றத்துக்கு ஒப்பந்தம் அதைக் கட்டாயமாக்காது என்று முடிந்தது. ஒப்பந்தம் இன்று வேலை செய்கிறது என்றால் அந்த ஒரு முடிவால்தான் என்று நான் நினைக்கிறேன். ஒரு முனையில் இப்படி ஓர் உயிர்நாடியைக் காப்பாற்ற நிற்பவர்கள், இன்னொரு முனையில் வட்டத்தை விரிக்கவும் நின்றிருக்க முடியுமா?


நிலாவின்அம்மா | சேலம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு டிஸ்லெக்சியா. எழுத்துகள் அவன் கண்ணுக்குத் தாளில் நிற்காமல் நகரும். இந்த ஒப்பந்தம் பார்வையற்றோருக்கு மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சார் அச்சு வாசிக்க இயலாதோர் என்று எழுதியதைப் பார்த்துத்தான் கேட்கிறேன், என் பிள்ளை அதில் வருவானா?


சட்டப்பிரதி | சென்னை

வருவான் அம்மா. மூன்றாம் உறுப்பு. பார்வையற்றோர், பார்வைக் குறைபாடோ வாசிப்புக் குறைபாடோ உள்ளவர், கையில் புத்தகத்தைப் பிடிக்கவோ பக்கம் திருப்பவோ கண்ணை நிலைநிறுத்தவோ உடல் ஒத்துழைக்காதவர். மூவரும் பயனாளிகள்.

அங்கேயும் ஒரு சொல் சிக்கல் இருந்தது. சரிசெய்ய முடியாத குறைபாடு என்று எழுதினால், சரிசெய்ய முடியாது என்பதை எப்படி நிரூபிப்பது? எல்லா மருத்துவமனையும் ஏறி இறங்கிச் சான்றிதழ் கொண்டுவா என்பார்களே! அதற்காகவே, சாத்தியமான எல்லாப் பரிசோதனையும் சிகிச்சையும் செய்து பார்த்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை என்று ஓர் அடிக்குறிப்பு எழுதினார்கள். சான்றிதழுக்கு அலைந்த யாரோ ஒருவர் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும் என்று அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.


அச்சுக்கோவை | தஞ்சாவூர்

நான் சிறு பதிப்பாளன். வருடத்துக்குப் பன்னிரண்டு நூல் போடுகிறேன், ஒவ்வொன்றும் 300 பிரதி. ஒரு நூல் வந்த மூன்றாவது வாரம் டெலிகிராமில் பிடிஎஃப் சுற்றுகிறது. அந்த ஆற்றாமையில்தான் ஒருமுறை ஒரு பார்வையற்ற ஆசிரியர் கோப்பு கேட்டபோது நானும் கொடுக்கவில்லை. விரல்வாசகன் ஐயா எழுதியதைப் படித்ததும் அவர் ஞாபகம் வந்தது.

கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அனுமதி வேண்டாம் என்றால், என் நூல் யார் கையில் போகிறது என்று எனக்கு என்ன பாதுகாப்பு?


விரல்வாசகன் | திருச்சி

ஐயா, வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. உங்கள் 300 பிரதியும் எனக்குப் புரிகிறது.

எல்லை தாண்டி அனுப்புவது தனிமனிதர் வேலை இல்லை. லாப நோக்கமில்லாமல் இந்தச் சேவை செய்யும், அரசு ஏற்கும் அமைப்புகள்தான் அனுப்பும். பயனாளி யார் என்று அவை பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, கணக்கு வைக்க வேண்டும். பதிப்புரிமைக்கான பழைய பன்னாட்டு உடன்படிக்கையான பெர்ன் உடன்படிக்கையின் மூன்று படிச் சோதனையையும் ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். சில குறிப்பிட்ட சூழலுக்கு மட்டும், நூலின் இயல்பான விற்பனைக்கு முரணாகாமல், உரிமையாளரின் நியாயமான நலனுக்கு அளவு மீறிக் கேடு செய்யாமல் என்று. டெலிகிராமில் சுற்றுவது யாரோ உங்கள் அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்தது. பிரெய்ல் ஏட்டிலிருந்து யாரும் பிடிஎஃப் செய்வதில்லை. நாங்கள் அந்த 300 பிரதியை வாங்கக்கூடிய வாசகர்களே இல்லையே ஐயா, வாங்கி என்ன செய்வோம்? உங்கள் நூல் எங்களிடம் வருவதற்கு இது ஒன்றுதான் வழி.


வல்லை | யாழ்ப்பாணம்

அண்ணை, நூலகத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேணும். இலங்கை 2016-ல் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதற்கு முன்பே சிங்கப்பூர் சேர்ந்துவிட்டது. கனடா சேர்ந்தபோதுதான் இருபது நாடு என்ற கணக்கு நிறைந்து, 2016 செப்டம்பர் 30-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. தமிழர் வாழும் இத்தனை நாடுகளுக்கு இடையில் இப்போது கதவு திறந்திருக்கு.

ஆனால் கதவால் உள்ளே வருவது என்ன? எங்கட பக்கத்தில் பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கு. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் குவியல். திரைவாசிப்பான் அதைப் படித்தால் ஒரு சொல்லும் விளங்காது. உங்கட பக்கமும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்கள் எத்தனை! அனுமதி இருந்தும் ஒரு நூலை மாற்றி, மெய்ப்புப் பார்த்து முடிக்க எனக்கு மூன்று கிழமை எடுக்குது. பதிப்பாளர் ஐயா கோப்பை ஒருங்குறியில் தந்தால் அது ஒரு நாள் வேலை.


அச்சுக்கோவை | தஞ்சாவூர்

2015-க்குப் பிறகு போட்டவை எல்லாம் ஒருங்குறியில்தான் இருக்கின்றன தம்பி. பட்டியல் அனுப்புகிறேன். அந்த ஆசிரியரின் எண்ணையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.


கைமொழி | கோவை

எல்லாவற்றையும் படித்தேன். சட்டப்பிரதி சார், நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று மூளை ஒப்புக்கொள்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்களை இறக்கிவிட்டபோது, அடுத்த வண்டி வரும் என்று யாராவது சொன்னார்களா?


சட்டப்பிரதி | சென்னை

கட்டுப்படுத்தும் வாக்குறுதி எதுவும் இல்லை. மற்ற மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிப்புரிமைத் தடை எப்படி இருக்கிறது என்று விப்போவே ஓர் ஆய்வு செய்யச் சொன்னது, 2019-ல் அறிக்கை முழுமையாக வந்தது. ஆப்பிரிக்க நாடுகள் விடாமல் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒப்பந்தம் இன்னும் இல்லை. உங்கள் கோபம் நியாயமானது அம்மா, நான் அதைக் குறைத்துப் பேசவில்லை.

இத்தோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னவனாவேன். இந்தியாவுக்குள் கதை வேறு.

2010-ல் நாடாளுமன்றத்துக்கு வந்த பதிப்புரிமைத் திருத்த மசோதா, மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனியாக வடிவமைத்த பிரெய்ல் மாதிரியான வடிவங்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. சாதாரண மின்னூலாக மாற்ற வேண்டும் என்றால் உரிமம் கேட்டு வரிசையில் நில் என்றது. அதை எதிர்த்து வாசிக்கும் உரிமை இயக்கம் நாடு முழுக்கப் பேசியது. அந்த இயக்கத்தின் முன்வரிசையில் இருந்தவர் ராகுல் செரியன். நம் சென்னை வழக்கறிஞர், தானே மாற்றுத்திறனாளி. உள்ளூர்ச் சட்டத்துக்கும் உழைத்தார், ஜெனீவா வரைவுக்கும் உழைத்தார். 2013 பிப்ரவரியில் காலமானார். மராகேஷில் ஒப்பந்தம் நிறைவேற நான்கு மாதம்தான் இருந்தது. அதை இன்றும் என்னால் ஆற மாட்டாமல்தான் எழுத முடிகிறது.

அந்தப் போராட்டத்தில் கிடைத்தது 2012 திருத்தம். பிரிவு 52(1), உட்பிரிவு இசட்பி. எந்தப் படைப்பையும், அணுகத்தக்க எந்த வடிவத்துக்கும் மாற்றலாம். மாற்றுத்திறனாளி ஒருவருக்கு உதவ எந்த நபரும் செய்யலாம், சொந்தப் பயன்பாடு, கல்வி, ஆய்வு ஆகியவற்றுக்காக மாற்றுத்திறனாளிகளோடு பகிரலாம். அவர்களுக்காக இயங்கும் அமைப்புகளும் செய்யலாம், லாபம் கூடாது, ஆகும் செலவை மட்டும் வாங்கலாம். எந்தப் படைப்பும் என்பதில் திரைப்படம் வரும், காணொளி வரும். மாற்றுத்திறனாளி என்பதில் நீங்கள் வருவீர்கள். பார்வை என்ற சொல்லே அந்த உட்பிரிவில் கிடையாது.

ஆக, மராகேஷ் ஒப்பந்தத்தை 2014 ஜூனில் உலகிலேயே முதலில் ஏற்ற நாடு இந்தியா, அதற்கு இரண்டு வருடம் முன்பே ஒப்பந்தத்தைவிடப் பரந்த சட்டத்தைத் தன் வீட்டுக்குள் வைத்திருந்தது. நீங்கள் செய்யும் வசன வரியைக் கொழும்புக்கு அனுப்ப மராகேஷ் உங்களுக்கு உதவாது. கோவையில், சேலத்தில், சென்னையில் இருக்கும் காது கேளாதவருக்குக் கொடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.


கைமொழி | கோவை

சார், இதை நாலு முறை படித்துவிட்டேன்.

நானும் மூன்று தோழிகளும் சேர்ந்து ஒரு போட்டித் தேர்வு வரலாற்றுப் பாடத் தொடருக்கு வசன வரி போட ஆரம்பித்தோம். காது கேட்கும் என் தம்பி கேட்டுச் சொல்வான், நாங்கள் எழுதுவோம். ஆறு பாடம் முடித்தோம். பதிப்புரிமைப் புகார் வந்தால் என்ன செய்வாய் என்று ஒருவர் பயமுறுத்தினார். அதோடு மடிக்கணினியிலேயே மூன்று வருடமாகக் கிடக்கிறது. எங்கள் சங்கத்தில் இந்தத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள்.

இன்றைக்கு அந்த ஆறையும் சங்கத்துக் குழுவில் போடப் போகிறேன். மீதி 18 பாடம். தம்பி வேலைக்குப் போய்விட்டான், கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.


கூட்டுக்குரல் | மதுரை

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னால் இரண்டு மணி நேரம் உட்கார முடியும் தோழி.


விரல்வாசகன் | திருச்சி

கைமொழி, எனக்குக் காதுதானே முழுநேர வேலை. தட்டச்சு வேகமாகச் செய்வேன், ஒருங்குறியில்தான். பாடத்தின் ஒலியை அனுப்புங்கள், கேட்டு முழுப் பேச்சையும் எழுதி அனுப்புகிறேன். எந்த வரி எந்த நொடியில் வர வேண்டும் என்று படத்தோடு பொருத்துவதை நான் செய்ய முடியாது, அதை நீங்கள் செய்யுங்கள்.

அப்புறம் ஒன்று. அந்த ஆசிரியர் பலகையில் வரைபடம் வரைந்து இதோ இங்கே, இந்த ஆற்றுக்கு வடக்கே என்பார் இல்லையா, அங்கே என்ன வரைந்திருக்கிறார் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி எழுதிவையுங்கள். என் மாணவர்கள் மூன்று பேர் அதே தேர்வுக்குப் படிக்கிறார்கள், அவர்களுக்குப் பலகை தெரியாது.

ஏழாவது பாடத்திலிருந்து தொடங்கலாம். ஒலிக்கோப்பை இன்று இரவு அனுப்பினால் ஞாயிறுக்குள் முடித்துவிடுவேன்.


கைமொழி | கோவை

அனுப்பிவிட்டேன் அண்ணா. 41 நிமிடம். வரைபடம் மூன்று இடத்தில் வருகிறது, முதலாவது காவிரி.